ஸ்லிம் ஹார்ப்போ ஏன் பேட்டன் ரூஜிலேயே இருந்துவிட்டார்?

கேட்டவர் சுருக்கமாகக் கேட்டிருக்கிறார்: இங்கிலாந்து ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் ஆல்பத்தில் ‘ஐ ஆம் எ கிங் பீ’ பாட்டைக் கேட்டாராம். அசல் பாடகர் ஸ்லிம் ஹார்ப்போ என்று தெரிந்துகொண்டு தேடிப் போய்க் கேட்டாராம். ‘இவ்வளவு பெரிய ஆட்கள் எடுத்துப் பாடிய மனிதர் ஏன் லூசியானாவைத் தாண்டிப் பெரிய ஆளாகவில்லை? ஏமாற்றப்பட்டாரா? அவர் மௌத் ஆர்கன் வாசிப்பு ரொம்ப எளிதாக இருக்கிறதே, நான் கற்றுக்கொள்ளலாமா?’ மூன்று கேள்விகள். ஆனால் முதல் இரண்டுக்கும் அடியில் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: ஆளிடம் சரக்கு குறைவா, அல்லது யாரோ கவிழ்த்துவிட்டார்களா? பத்துத் துளை மௌத் ஆர்கனைப் பல வருடங்களாக வாசிக்கிறேன், சொல்லியும் தருகிறேன். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை மரபான ப்ளூஸில், தென் லூசியானாவின் இசைத்தட்டுகளை விடாமல் கேட்டு வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அவரை நேரில் கேட்டவன் அல்ல. எனக்குத் தெரிந்தது தட்டுகள் வழியாகவும், பதிவில் இருக்கும் தகவல்கள் வழியாகவும்தான்.

முதலில் ஒரு திருத்தம். ‘பெரிய ஆளாகவில்லை’ என்பதே முழு உண்மை இல்லை. 1966இல் அவருடைய ‘பேபி ஸ்க்ராட்ச் மை பேக்’ அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. வெள்ளையர்களும் வாங்கும் பொது பாப் பட்டியலில் 16ஆம் இடம். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1961இல், ‘ரெய்னின் இன் மை ஹார்ட்’ பாப் பட்டியலில் 34ஆம் இடம் வரை ஏறியது. சிகாகோவின் எத்தனையோ புகழ்பெற்ற ப்ளூஸ்காரர்களின் பெயர் அந்தப் பொதுப் பட்டியல் பக்கமே வந்ததில்லை. மடி வாட்டர்ஸை உலகமே கொண்டாடுகிறது, ஆனால் பாப் பட்டியலில் இப்படி ஒரு ஹிட் அவருக்கு இல்லை. ஆக, விற்பனையை வைத்துப் பார்த்தால் ஹார்ப்போ தோற்றவர் அல்ல. அவருக்குக் குறை விழுந்தது வேறு இடத்தில்: அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இயற்பெயர் ஜேம்ஸ் மூர். 1924 ஜனவரி 11 அன்று லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரத்துக்கு எதிர்க்கரையில், மிசிசிப்பி ஆற்றின் மேற்கே லாப்டெல் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பெற்றோர் இளமையிலேயே இறந்துபோனதால் மூத்த பிள்ளையாகப் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் சுமை தூக்கினார், கட்டட வேலை பார்த்தார். இரவுகளில் மதுக்கடைகளிலும் தெரு விருந்துகளிலும் ‘ஹார்மோனிகா ஸ்லிம்’ என்ற பெயரில் வாசித்தார். அதே பெயரில் மேற்குக் கரையில் இன்னொருவர் ஏற்கெனவே இருந்ததால்தான் பெயர் மாற வேண்டி வந்தது. மௌத் ஆர்கனுக்கு ப்ளூஸ்காரர்கள் ‘ஹார்ப்’ என்பார்கள், அதிலிருந்து ‘ஹார்ப்போ’. அந்த யோசனை மனைவி லவெலுடையது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. லவெல் பல பாட்டுகள் எழுதுவதிலும் கூட இருந்தார் என்றும் சொல்கிறார்கள். ஆனால் தட்டில் அவர் பெயர் இல்லை.

ஹார்ப்போவுக்கு முன்னால் அந்தப் பகுதியில் பெயர் வாங்கியவர் லைட்னின் ஸ்லிம். கரகரத்த குரல், ஒற்றை கிட்டார், அவ்வளவுதான் அவர் முதலீடு. ஹார்ப்போ அவருக்குப் பக்கவாத்தியமாகத்தான் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். அந்த ஸ்டூடியோ பேட்டன் ரூஜில்கூட இல்லை. மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, நெல் வயல்களுக்கு நடுவில் க்ரௌலி என்ற ஊரில் ஜே. டி. மில்லர் என்பவர் நடத்தியது. இந்த மில்லரைப் புரிந்துகொள்ளாமல் ஹார்ப்போவின் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் வெள்ளையர், நாட்டுப்புற இசைக்காரர். 1952இல் கிட்டி வெல்ஸ் பாடிப் பெரும் வெற்றி பெற்ற ஒரு கன்ட்ரி பாட்டை எழுதியவர். கறுப்பின இசைக்குக் கூர்மையான காது அவருக்கு இருந்தது. எதிரொலியை எங்கே சேர்க்க வேண்டும், தாளத்துக்கு ட்ரம்மைத் தவிர வேறு எதைத் தட்டலாம் என்பதிலெல்லாம் கைதேர்ந்தவர். லேஸி லெஸ்டர் என்ற இன்னொரு மௌத் ஆர்கன்காரரை உட்காரவைத்து அட்டைப்பெட்டியையும் மடித்த செய்தித்தாளையும் தட்டச் சொல்லிப் பதிவு செய்தவர். இன்று ‘ஸ்வாம்ப் ப்ளூஸ்’ என்று நாம் சொல்லும் அந்த ஈரமான, அவசரமில்லாத, எங்கோ தூரத்திலிருந்து வருவது போன்ற ஒலியில் பாதி அந்த அறையுடையது.

அதே மில்லர்தான் 1966இல், அதாவது ஹார்ப்போவின் பாட்டு முதலிடத்தில் இருந்த வருடத்தில், கறுப்பினத்தவரை அசிங்கமாக இழிவு செய்யும் பாட்டுகளை வெளியிட ‘ரெப் ரெபல்’ என்று தனியாக ஒரு லேபிளே தொடங்கினார். நல்ல காது இருப்பவருக்கு நல்ல மனமும் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ரசிகர்கள் சிலர் இதைப் பேசாமல் தாண்டிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

1957இல் க்ரௌலியில் பதிவானது முதல் தட்டு: ஒரு பக்கம் ‘ஐ ஆம் எ கிங் பீ’, மறுபக்கம் ‘ஐ காட் லவ் இஃப் யூ வான்ட் இட்’. வாசித்தவர்கள் கிட்டார் கேபிள் என்பவரின் குழு. அந்தப் பாட்டில் தேனீ ரீங்காரம் போல பேஸ் கிட்டார் வழுக்கிக்கொண்டு இறங்குவதைக் கவனியுங்கள். பாட்டின் முழு குறும்பும் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தட்டு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஆனால் கேட்டவர்கள் கேட்டார்கள். வெளிவந்த கொஞ்ச நாளிலேயே மெம்ஃபிஸின் சன் ஸ்டூடியோவில் வாரன் ஸ்மித் என்ற வெள்ளை ராக்கபில்லிப் பாடகர் மறுபக்கத்துப் பாட்டை எடுத்துப் பாடிவிட்டார். இங்கிலாந்துப் பையன்கள் ஹார்ப்போவைக் கண்டுபிடிப்பதற்கு ஆறேழு வருடம் முன்பே நடந்தது இது.

பட்டியலில் ஏறாத தட்டு மெம்ஃபிஸ் வரை, பிறகு லண்டன் வரை எப்படிப் போனது? மில்லர் பதிவு செய்து கொடுப்பார். தட்டாக்கி விற்றது நாஷ்வில்லில் எர்னி யங் நடத்திய எக்ஸெல்லோ நிறுவனம். யங்குக்குச் சொந்தமாகத் தட்டுக்கடை இருந்தது, தபாலில் ஆர்டர் எடுத்து அனுப்புவார். அந்தக் கடை நாஷ்வில்லின் டபிள்யூ.எல்.ஏ.சி. வானொலியில் இரவு நிகழ்ச்சிகளுக்கு விளம்பரதாரர். 50,000 வாட் நிலையம் அது. மீடியம் வேவ் அலைகள் இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் அமெரிக்காவின் கிழக்குப் பாதியிலும் தெற்கிலும் பெரும்பகுதிக்கு எட்டும். ஜான் ஆர். என்று அழைக்கப்பட்ட ஜான் ரிச்பர்க் போன்ற வெள்ளை அறிவிப்பாளர்கள் அங்கே நள்ளிரவு வரை கறுப்பின இசையை ஒலிபரப்பினார்கள். கறுப்பர்கள் கேட்டார்கள், போர்வைக்குள் ரேடியோவை வைத்துக்கொண்டு வெள்ளைப் பையன்களும் கேட்டார்கள். பாட்டு பிடித்தால் காசனுப்பிப் பொட்டலமாக வாங்கிக்கொள்ளலாம். தட்டு இப்படித் தனியாகப் பயணம் போய்விடும். பாடகர் ஊரிலேயே இருப்பார். ‘ரீஜனல்’ (வட்டாரம் சார்ந்தவர்) என்று அமெரிக்க இசைக்காரர்கள் சொல்லும் பாடகர்களில் பலர் வாழ்ந்த விதம் இதுதான். ஊருக்குள் அடைபட்டவர் என்று அதைப் புரிந்துகொள்ளக் கூடாது.

அவரும் ஊரை விட்டு ஓடத் துடித்ததாகத் தெரியவில்லை. அறுபதுகளில் சொந்தமாக லாரி வைத்துத் தொழில் செய்தார். வார இறுதியில் வாசிப்பு. லூசியானா, அலபாமா, மிசிசிப்பி எல்லைக்குள் நடன விடுதிகள், கல்லூரி விருந்துகள். குடும்பஸ்தர், தொழில்காரர், இசைக்காரர். அன்று சிகாகோவுக்கு மூட்டை கட்டியவர்களில் எத்தனை பேர் கடைசி வரை வாடகைக்கு அல்லாடினார்கள் என்று பார்த்தால், லாரியை விற்காமல் வைத்திருந்தவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை அவர் எங்கும் இப்படி விளக்கிச் சொன்னதாக நான் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு, அவ்வளவுதான்.

சரி, ஏமாற்றப்பட்டாரா? உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு தட்டு விற்றால் ஒரு பாட்டுக்கு 2 சென்ட். வழக்கமாக அதில் பாதி பதிப்பகத்துக்கு. எக்ஸெல்லோ பாட்டுகளுக்குப் பதிப்பகமும் எக்ஸெல்லோவுடையதே. மீதி 1 சென்ட் எழுதியவருக்கு. ‘ரெய்னின் இன் மை ஹார்ட்’ தட்டில் ஹார்ப்போவின் இயற்பெயரான மூரோடு ‘ஜெர்ரி வெஸ்ட்’ என்று இன்னொரு பெயர் இருக்கும். அந்த வெஸ்ட் வேறு யாருமில்லை, மில்லர்தான், புனைபெயர். சரிபாதியாகப் பிரித்தால் மூருக்கு அரை சென்ட். பத்து லட்சம் தட்டு விற்றாலும் பாட்டெழுதிய வகையில் 5,000 டாலர். இது சட்ட விகிதத்தை வைத்துப் போட்ட கணக்கு, அவர் கையில் வந்த பணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் வானொலி எத்தனை முறை போட்டாலும் பாடகர் என்ற முறையில் சல்லிக்காசு கிடையாது. இன்றும் சாதாரண வானொலிக்கு அதுதான் நிலை. ‘கிங் பீ’ அவர் பெயரில் மட்டும் இருந்ததால் ஸ்டோன்ஸ் பாடியது அவருக்கு ஓரளவு நன்மைதான்.

சந்தேகத்துக்கு இடமுள்ளது, மில்லர் அந்தப் பாட்டுகளில் உண்மையிலேயே எவ்வளவு எழுதினார் என்பது. அவரே தேர்ந்த பாட்டெழுத்தாளர் என்பதால் ‘வெறுமனே பெயரைச் செருகினார்’ என்று எல்லாப் பாட்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. சிலவற்றில் வார்த்தைகளைச் செப்பனிட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அதே சமயம், 1961 வெற்றிக்குப் பிறகு பணத்தை வைத்து இருவருக்கும் மனக்கசப்பு வந்ததும், ஹார்ப்போ நியூ ஆர்லியன்ஸில் வேறு நிறுவனத்துக்குப் பதிவு செய்யப் போனதும், ஒப்பந்தத்தைக் காட்டி மில்லர் அதைத் தடுத்ததும் அந்த இசையை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. அடுத்த பாட்டு சுடச்சுட வந்திருக்க வேண்டிய நேரத்தில் ஓர் இடைவெளி விழுந்தது. அரை சென்ட் கணக்கைவிட இந்த இடைவெளிதான் அவரை அதிகம் பாதித்தது என்பது என் கருத்து. பிறகு எக்ஸெல்லோ கைமாறியபோது அவர் மில்லரை விட்டு விலகி, புது நிர்வாகத்தோடு நேரடியாக வேலை செய்தார்.

குரலைப் பற்றியும் ஒரு கதை உண்டு. மூக்கால் பாடுவது போன்ற அந்தத் தொனி மில்லர் சொல்லிக்கொடுத்தது, இயல்பான குரல் அதுவல்ல என்று. மில்லர் தரப்பிலிருந்து வரும் கதை என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன். 1961இல் அலபாமாவின் மொபீல் நகரில் ஒரு நடன நிகழ்ச்சியில் பதிவான நாடா பல பத்தாண்டு கழித்து வெளிவந்திருக்கிறது. பக்கத்தில் மில்லர் இல்லாத அந்த மேடையிலும் குரல் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. தொடங்கிவைத்தது யாராக இருந்தாலும், அதற்குள் அது அவர் குரலாகிவிட்டது. ‘மூடி ப்ளூஸ்’ என்ற இங்கிலாந்துக் குழுவின் பெயர் ஹார்ப்போவின் அதே பெயருள்ள வாத்தியப் பாட்டிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரில் அவர் தட்டு இருப்பது உண்மை. பெயர் அங்கிருந்து மட்டும்தான் வந்ததா என்பதில் வேறு விளக்கங்களும் உண்டு, பந்தயம் கட்டாதீர்கள்.

வாசிப்புக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும்.

ப்ளூஸ்காரர்கள் பாட்டின் ஸ்கேலிலேயே அமைந்த மௌத் ஆர்கனை எடுப்பதில்லை. பாட்டு ஜி ஸ்கேல் என்றால் கையில் இருப்பது சி ஹார்ப். காரணம் இருக்கிறது. சி ஹார்ப்பில் 2, 3, 4, 5 துளைகளில் மூச்சை உள்ளிழுத்தால் ஜி, பி, டி, எஃப் கிடைக்கும். அது ஜி செவன்த் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு. ப்ளூஸின் அடித்தளமே அதுதான். இரண்டாவது காரணம் வளைப்பது. உள்ளிழுக்கும்போது நாக்கையும் தொண்டையையும் அமைக்கும் விதத்தில் சுரம் கீழே இறங்கும்: 2ஆம் துளையில் இரண்டு அரைச்சுரம், 3இல் மூன்று, 4இல் ஒன்று. இரண்டு சுரங்களுக்கு நடுவே நின்று முனகுவது இந்த வளைப்பில்தான் சாத்தியம். உள்ளிழுத்து வாசிப்பதால் வாத்தியம் பேசுவது போலவும் விம்முவது போலவும் ஒலிக்கும்.

இதை எல்லோரும் செய்கிறார்கள்; ஹார்ப்போவிடம் என்ன தனி? அவர் மேடையில் கிட்டாரும் வாசிப்பார். மௌத் ஆர்கன் கழுத்தில் மாட்டிய கம்பித் தாங்கியில் இருக்கும், அவருக்கு முன்னோடியான ஜிம்மி ரீடைப் போல. கை விடுதலையாக இல்லாததால், இரு உள்ளங்கைகளையும் குவித்துத் திறந்து மூடி ‘வா வா’ என்று அழவைக்கும் வேலை நடக்காது. சிகாகோவில் லிட்டில் வால்ட்டர் 1952இல் ‘ஜூக்’ பாட்டில் செய்தது போல மைக்கைக் கையோடு பொத்தி, ஆம்ப்ளிஃபயரை உறுமவைத்து, சாக்ஸபோன் மாதிரி ஓடவும் முடியாது. வால்ட்டர் அளவுக்கு வேகமும் கற்பனையும் ஹார்ப்போவிடம் இல்லைதான். இதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தடையே அவர் பாணியாகிவிட்டது. ஒரு வரி பாடுவார். மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில், அதே மூச்சு, உதட்டருகே இருக்கும் வாத்தியத்துக்குள் போகும். இரண்டு மூன்று சுரம், ஒரு சின்ன கார்டு, பிறகு மௌனம், மறுபடி குரல். குரலும் ஹார்ப்பும் ஒரே ஆள் தன்னோடு தானே பேசிக்கொள்வது மாதிரி இருக்கும். ‘ஸ்க்ராட்ச் மை பேக்’கில் அவர் பாடுவதுகூடக் கிடையாது, முக்கால்வாசி பேச்சு. கிட்டார் கோழி கிளறுவது போலக் கீறிக்கொண்டே இருக்கும், ஹார்ப் தலையை மட்டும் நீட்டிவிட்டுப் போகும். அத்தனை வெற்றிடம் விட்டு ஒரு பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர் எத்தனை பேர்?

எளிதா என்றால், சுரங்கள் எளிது. சில மாதப் பயிற்சியில் என் மாணவர்கள் அந்தச் சுரங்களை வாசித்துவிடுகிறார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த அவர்களால் முடிவதில்லை, கை அரிக்கும். பாடவும் வாசிக்கவும் செய்கிறவராக இருந்தால் மட்டுமே ஹார்ப்போ பாணி உங்களுக்குப் பிடிபடும். கருவி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நம் ஊர்க் கடைகளில் மௌத் ஆர்கன் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது இரண்டு வரிசைத் துளைகள் கொண்ட ட்ரெமலோ. ஒவ்வொரு சுரத்துக்கும் சற்றே ஸ்ருதி விலகிய இரண்டு உலோக நாக்குகள் சேர்ந்து ஒலிப்பதால் அலை அலையாக இனிமையாக இருக்கும், சினிமாப் பாட்டுக்கு அழகு. ஆனால் ப்ளூஸுக்குத் தேவையான வளைப்பு அதில் வராது. பத்துத் துளை டயாடோனிக், சி அல்லது ஏ ஸ்கேல் என்று குறிப்பிட்டே கேளுங்கள்.

கடைசியாக, முன்பு விட்ட இடம். 1964இல் ஸ்டோன்ஸ் ‘கிங் பீ’யையும், கிங்க்ஸ் என்ற இன்னொரு இங்கிலாந்துக் குழு ‘காட் லவ்’வையும் தங்கள் முதல் ஆல்பங்களில் பாடினார்கள். 1968இல் ரோலிங் ஸ்டோன் இதழுக்குப் பேசியபோது ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகரே சொன்னார், ‘கிங் பீ’யை ஸ்லிம் ஹார்ப்போவே பாடிக் கேட்க முடியும்போது நாங்கள் பாடிக் கேட்பதில் என்ன இருக்கிறது என்ற பொருளில். அந்த வருடங்களில்தான் ஹார்ப்போ நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் ராக் ரசிகர்கள் கூடும் அரங்குகளில் வாசிக்கத் தொடங்கினார். பழைய குரு லைட்னின் ஸ்லிம்மையும் கூட அழைத்துக்கொண்டார். ஐரோப்பியப் பயணம் ஏற்பாடாகியிருந்தது. ஐரோப்பாவில்தான் அப்போது ப்ளூஸ்காரர்களைப் பேட்டி எடுத்து, படம்பிடித்து, இதழ்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1970 ஜனவரி 31 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 46. பேட்டியும் படச்சுருளும் அவரைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு இதைத் தாண்டிப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. லைட்னின் ஸ்லிம் 1972இல் ஐரோப்பா போய் வாசித்தார். ஹார்ப்போ உயிரோடு இருந்திருந்தால் அந்த மேடைகளில் அவருக்கு இடம் நிச்சயம் என்பது என் கணிப்பு. அதே 1972இல் ஸ்டோன்ஸின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ ஆல்பத்தில் அவருடைய ‘ஷேக் யுவர் ஹிப்ஸ்’ வந்தது.

கேட்கத் தொடங்க: ‘கிங் பீ’யின் மறுபக்கமான ‘ஐ காட் லவ் இஃப் யூ வான்ட் இட்’டிலிருந்து ஆரம்பியுங்கள், எனக்கு அதுதான் ஒரு படி மேல். அடுத்து ‘ரெய்னின் இன் மை ஹார்ட்’, பிறகு ‘ஷேக் யுவர் ஹிப்ஸ்’. ஸ்டோன்ஸ் பாடியதை உடனே பின்னால் போட்டுக் கேட்டால், எவ்வளவு பக்தியாக நகலெடுத்தார்கள் என்பதும் எங்கே கைநழுவியது என்பதும் தெரியும். மொபீல் நேரலைப் பதிவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலித்தரம் சுமார்தான், ஆனால் சனிக்கிழமை இரவு அவர் சம்பளத்துக்கு எப்படி வேலை பார்த்தார் என்பது அதில்தான் கேட்கும்.